நியூயார்க் போகிற மிக்ஸி: சென்னையில் விற்கும் 110 வோல்ட் சாமான்கள் வாங்கத் தகுந்தவைதானா?

வெளிநாட்டு வேலை உறுதியாகி டிக்கெட்டும் போட்டாயிற்று என்றால், சென்னையில் அந்த வீட்டின் அடுத்த நடை தி.நகர் பக்கம்தான். உஸ்மான் ரோட்டுக் கடைகளில் "வெளிநாட்டுக்கு மிக்ஸி வேணும்" என்று கேட்டால் ஏதோ ஒன்றை எடுத்து வைப்பார்கள். அது எந்த ஊருக்கு ஆகும், கடையிலேயே அதை எப்படிச் சோதிப்பது, போன இடத்தில் எது வருஷக்கணக்கில் உழைக்கும், எது முதல் வாரமே புகையும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்கா, கனடா போகிறவர்கள் 110 வோல்ட் மிக்ஸியைச் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு போகலாம். நல்ல பொருள், உழைக்கும். ஆனால் கடையில் ஓட்டிக் காட்டினால்தான் வாங்க வேண்டும். கிரைண்டரை அங்கே போய் வாங்குவதே மேல். குக்கர் இங்கிருந்தே போகட்டும். லண்டன், சிங்கப்பூர், துபாய், சிட்னி என்றால் புது மிக்ஸியே தேவையில்லை. வீட்டில் ஓடிக்கொண்டிருப்பதை எடுத்துக்கொண்டு பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

பிராண்டுக்கு முன்னால் ஊர்

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (மின்சாரம் ஒரு விநாடியில் எத்தனை சுற்று அலைகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ்). லண்டன், பெர்லின், துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர், சிட்னி எல்லாமே கிட்டத்தட்ட இதே கணக்குதான். நியூயார்க், சிகாகோ, டொரன்டோவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டோக்கியோவில் 100 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதே ஜப்பானில் ஒசாகாவுக்குப் போனால் 100 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சியோல் 220 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். ரியாத்திலும் 60 ஹெர்ட்ஸ்தான். அங்கே 230 வோல்ட் வந்துவிட்டாலும் பழைய கட்டடங்களில் 127 வோல்ட் பாயிண்ட் இன்னும் இருக்கலாம், வீட்டுக்காரரைக் கேட்காமல் எதையும் சொருகக் கூடாது.

கடைக்குப் போகும் முன் இந்த இரண்டு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் "அமெரிக்கா" என்று சொல்வதைவிட "நூத்தி இருவது வோல்ட், அறுபது ஹெர்ட்ஸ்" என்று சொல்வது பத்து மடங்கு பத்திரம். "எல்லா ஊர்லயும் ஓடும் சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடையைப் பார்க்கலாம். செல்போன் சார்ஜரும் லேப்டாப் சார்ஜரும்தான் 100 முதல் 240 வரை எல்லாவற்றையும் தாங்கும். மிக்ஸி தாங்காது.

காரணம் மோட்டாரில் இருக்கிறது. மிக்ஸிக்குள் கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். அதற்கு ஹெர்ட்ஸ் 50 ஆனால் என்ன, 60 ஆனால் என்ன, வோல்ட்தான் கணக்கு. டேபிள் டாப் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதன் வேகத்தை முடிவு செய்வதே ஹெர்ட்ஸ்தான். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் மீதிக் கேள்விகளில் பாதிக்கு விடை தானே வந்துவிடும்.

நம்மூர் 230 வோல்ட் மிக்ஸியை நியூயார்க்கில் 120 வோல்ட் பாயிண்டில் சொருகினால் வெடித்துவிடாது. சோர்ந்துபோய் ஓடும். வோல்ட் ஏறக்குறைய பாதியானால் சக்தி பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. வெறும் ஜாரில் பிளேடு சுற்றுவதைப் பார்த்து "ஓடுதே" என்று நம்பி ஊறின உளுந்தைப் போடுவார்கள். பிளேடு திணறி நிற்கும், மோட்டார் உறுமும். சுற்றாத மோட்டாருக்குள் மின்சாரம் மட்டும் பாய்ந்துகொண்டிருந்தால் வைண்டிங், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, சூடேறிக் கருகும்.

தலைகீழான தவறு இதைவிடக் கொடியது. 110 வோல்ட் மிக்ஸியைச் சென்னை வீட்டுப் பாயிண்டில் சொருகுவது. ஊருக்குக் கிளம்பும் முன், "ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமே" என்று வீட்டில் யாராவது நல்லெண்ணத்தில் செய்கிற காரியம் இது. வோல்ட் இரண்டு மடங்கு என்றால் சூடு நான்கு மடங்கு. ஒரு பெரிய சத்தம், காரமான வார்னிஷ் வாடை, சில விநாடிகளில் புது மிக்ஸி முடிந்தது. வாரன்டியிலும் இதற்கு இடமில்லை. அதனால்தான் கடையில் ஓட்டிப் பார்ப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறோம். வீட்டில் ஓட்டிப் பார்க்க வழியே இல்லை.

கடையில் செய்ய வேண்டியது

ஏற்றுமதி மாடல் விற்கிற ஒழுங்கான கடையில், 230-ஐ 110-ஆக இறக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மேஜைக்கு அடியில் இருக்கும். அதில் சொருகித்தான் காட்டுவார்கள். "இங்க போட்டுக் காட்ட முடியாது சார், ஊருக்குப் போய்ப் பாருங்க" என்கிற கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழுதான பொருளைப் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டித் திருப்பி அனுப்ப முடியாது.

முதலில் மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளித் தாள் போல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் வோல்ட், ஹெர்ட்ஸ், வாட், எத்தனை நிமிட ரேட்டிங் என்பதெல்லாம் இருக்கும். அட்டைப்பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது முக்கியமில்லை, பெட்டி மாறிப்போவது நடக்கிற காரியம். உடம்பில் ஒட்டியிருப்பதை நம்புங்கள். 110–120 என்று இருந்தால் அமெரிக்காவுக்கு நிம்மதி. வெறும் 110 என்று இருந்தாலும் 120-இல் ஓடும், கொஞ்சம் கூடுதல் வேகத்தில், கொஞ்சம் கூடுதல் சூட்டில். அப்படிப்பட்ட மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டும் நேரத்தைக் குறைத்துக்கொண்டால் சரி. டோக்கியோவின் 100 வோல்ட்டிலும் அது ஓடும். சக்தி ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே குறையும், சட்னிக்கு அது போதும்.

ரேட்டிங் பற்றி ஒரு வார்த்தை. பல மிக்ஸிகளில் "30 நிமிடம்" என்று போட்டிருக்கும். தொடர்ந்து அரை மணி ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஐந்து நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஐந்து நிமிடம் என்று விட்டுவிட்டு ஓட்டுகிற கணக்கு அது.

அடுத்து, பெரிய ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி மூன்று வேகத்திலும் ஓட்டச் சொல்லுங்கள். புது மோட்டாரில் முதல் சில தடவை லேசான வார்னிஷ் வாடை வருவது சகஜம், புகை வருவது சகஜமில்லை. காற்று வரும் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தால் கார்பன் பிரஷ் அருகில் சின்னச் சின்ன நீலப் பொறி தெரியும். அது இருக்கலாம். மோட்டாரைச் சுற்றி வளையம் போல ஆரஞ்சு நிறத்தில் பொறி ஓடினால் அந்தப் பீஸ் வேண்டாம், வேறு கேளுங்கள். தண்ணீர் ஓடி முடித்ததும் ஜாரைத் தூக்கி அடியில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரமோ கறுப்போ ஒட்டக் கூடாது. ஒட்டினால் புஷ், அதாவது ஜார் அடியில் பிளேடின் தண்டைப் பிடித்திருக்கும் வளையம், சரியில்லை, கசிவு அங்கே போய்ப் பெரிதாகும்.

பிராண்டைப் பொறுத்தவரை பிரீத்தி, விடியம், பிரீமியர் மூன்றிலும் 110 வோல்ட் வகை உண்டு. பிரீத்தியின் ஈகோ வரிசை 550 வாட். இங்கே 750 வாட்டுக்குப் பழகியவர்கள் அதைப் பார்த்து "சின்னதா இருக்கே" என்று தயங்குவார்கள். தயங்க வேண்டாம். இரண்டு பேர், மூன்று பேர் சமையலுக்கு 550 வாட் தாராளம், அளவைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வாடகை வீட்டில் இருக்கப் போகிறவர்கள் அங்கத்திய பாதுகாப்பு முத்திரை, அதாவது யு.எல்., இ.டி.எல்., சி.எஸ்.ஏ. இவற்றில் ஏதாவது ஒன்று ஸ்டிக்கரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. டொரன்டோ போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

பழைய மிக்ஸி, புது டிரான்ஸ்ஃபார்மர்

"இருக்குற மிக்ஸியையே எடுத்துட்டுப் போய் டிரான்ஸ்ஃபார்மர் வெச்சுக்கலாமே" என்பது நியாயமான யோசனை போலத் தோன்றும். கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. 750 வாட் மிக்ஸி கிளம்பும் விநாடியில் அதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஆகவே 750 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதாது, குறைந்தது 1500 வாட் வேண்டும். அது முழுக்க இரும்பும் செம்பும், மிக்ஸியைவிடக் கனம். சமையல் மேடையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, மிக்ஸி ஓடாத நேரத்திலும் ஊமை முனகலாக முனகிக்கொண்டிருக்கும். அமெரிக்க வீட்டில் ஒரு லைன் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர், அதாவது 1800 அல்லது 2400 வாட். அதே லைனில் மைக்ரோவேவும் ஓடினால் பிரேக்கர் விழும்.

ஏர்போர்ட்டில் விற்கும் உள்ளங்கை அளவு டிராவல் அடாப்டர் வோல்ட்டை மாற்றுவதில்லை, பின்னின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு புகைத்த மிக்ஸிகள் ஏராளம். எடை இல்லாத சின்ன "கன்வர்ட்டர்" வகையும் இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாக்கும் சாமானுக்கானது, மோட்டாருக்கு ஆகாது.

550 வாட்டில் எதை, எவ்வளவு அரைப்பது

சட்னி ஜார் 400 மில்லி இருக்கும். கால் மூடித் தேங்காய், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, இரண்டு பச்சை மிளகாய்: இந்த அளவு பிளேடை மூடும், ஒரே நிமிடத்தில் மசியும். இதைவிடக் குறைத்துப் போட்டால் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டு பிளேடு வெறுமனே சுற்றும்.

அங்கே தேங்காய் பெரும்பாலும் உறைந்த துருவலாகப் பாக்கெட்டில் கிடைக்கும். இங்கேதான் புதிதாகப் போனவர்கள் மிக்ஸியை உடைக்கிறார்கள். ஃப்ரீசரில் இருந்து எடுத்த கட்டியை அப்படியே ஜாரில் போட்டு மூன்றாம் எண்ணில் வைத்தால், கட்டி பிளேடைப் பிடித்து நிறுத்தும், மோட்டாரோ நிற்காமல் முறுக்கும். நடுவில் அகப்படுவது கப்ளர். ஜாருக்கு அடியில் ஒன்று, மோட்டார் தலையில் ஒன்று, பற்சக்கரம் போலக் கோத்துக்கொள்ளும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள். அதன் பல் மழுங்கும், அல்லது ஒரே அடியில் சிதறும். கப்ளர் உடைவது நல்லதற்குத்தான், அது உடையாவிட்டால் மோட்டார் போயிருக்கும். தேங்காயை வெளியே எடுத்து வைத்து உதிரியான பிறகு போடுங்கள், அவசரமென்றால் வெந்நீரில் ஐந்து நிமிடம்.

முழு மஞ்சள், காய்ந்த சுக்கு இரண்டையும் இந்த மிக்ஸியில் முழுசாகப் போடவே கூடாது. சாம்பார்ப் பொடியை வருஷத்துக்குத் தேவையான அளவு இங்கே மில்லில் அரைத்துக்கொண்டு போவதுதான் நம் வழக்கம், அதை மாற்ற வேண்டாம்.

இட்லி மாவு அரைக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். கிரைண்டரில் நாலுக்கு ஒன்று போடுகிற வீட்டில், மிக்ஸிக்கு மூன்று கப் இட்லி அரிசிக்கு ஒரு கப் முழு உளுந்து என்று மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மிக்ஸியில் உளுந்து அவ்வளவு பொங்காது. உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, கடைசி அரை மணி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அரைக்கும்போது ஊற்றுகிற தண்ணீர் ஐஸ் தண்ணீராக இருக்கட்டும். அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி அரை நிமிடம். ஒவ்வொரு தடவையும் ஜாரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கைக்கு வெதுவெதுப்பாகத் தட்டினால் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். மாவு சூடானால் இட்லி கல்லாகும். பெரிய ஜாரிலும் பாதிக்கு மேல் போடக் கூடாது. அரிசி மூன்று தடவையாக வரும்.

புளிப்பதுதான் குளிர் ஊர்களில் பெரிய பாடு. சென்னையில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும் மாவு, டொரன்டோவின் ஜனவரியில் அசையாமல் கிடக்கும். ஓவனைச் சூடாக்காமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை அதற்குள் வைத்தால் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரத்தில் பொங்கும். கீழே ஒரு தட்டு வைக்க மறக்காதீர்கள். ஓவன் கதவில் "உள்ளே மாவு" என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள். அறையைப் பகிர்ந்துகொள்கிறவர் தெரியாமல் ஓவனைப் போட்டுவிடக் கூடும்.

நின்றுபோனால்

புது ஊரில் மிக்ஸி திடீரென்று நின்றால் முதலில் வரும் பயம் "மோட்டார் போச்சு" என்பதுதான். பெரும்பாலும் போயிருக்காது. முதலில் பாயிண்டைப் பாருங்கள். அமெரிக்கச் சமையலறைப் பாயிண்டுகளில் நடுவே இரண்டு குட்டிப் பொத்தான் இருக்கும், டெஸ்ட், ரீசெட் என்று. ஈரமோ கசிவோ பட்டால் அது தானே அணைந்துகொள்ளும். ரீசெட்டை அழுத்தினால் வந்துவிடும். அழுத்தியும் மிக்ஸியைப் போட்ட மாத்திரத்தில் மறுபடி அணைந்தால், மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இரண்டு நாள் காயவிடாமல் தொடக் கூடாது.

பாயிண்ட் சரி என்றால் மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்பாக ஒரு சின்னப் பொத்தான், ஓவர்லோட் சுவிட்ச். சுமை கூடினால் அது வெளியே துள்ளிவிடும். பிளக்கைப் பிடுங்கி, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, விரலால் உள்ளே அழுத்த வேண்டும். ஆறும் முன் அழுத்தினால் பொத்தான் உள்ளே நிற்காது. கனமே இல்லாமல் அரைக்கும்போதும் இது அடிக்கடி துள்ளுகிறது என்றால் மிக்ஸிக்குக் கீழே என்ன விரித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று தடித்த டவலை மடித்து வைப்பார்கள். மிக்ஸி மூச்சுவிடுவதே அடிப்பக்கம் வழியாகத்தான். டவல் அந்த ஓட்டைகளை அடைத்துவிடும். நாலு கால் நிற்கிற இடத்தில் மட்டும் ரப்பர் துண்டு வையுங்கள், சத்தமும் குறையும், காற்றும் போகும்.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, பிளேடு அசையவில்லை என்றால் கப்ளர். இதைக் கழற்றி மாட்டுவது பத்து நிமிட வேலை, ஆனால் மரை எந்தப் பக்கம் திரும்பும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். தவறான பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகிவிடும். வாங்கும்போதே, "அண்ணே, இதை ஒருவாட்டி கழட்டி மாட்டிக் காட்டுங்க" என்று கேட்டு, செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் அடிப்பக்கம் ஷாஃப்ட் முனையில் ஒரு காடி இருக்கும். அதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டால்தான் மேலே கப்ளர் சுழலாமல் கழலும்.

இதிலிருந்தே என்னென்ன உதிரி வாங்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அந்த மாடலுக்கே உரிய கப்ளர் மேலும் கீழுமாக மூன்று ஜோடி, ஜார் மூடி கேஸ்கெட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, சட்னி ஜாருக்கு ஒரு பிளேடு செட், ஒரு ஜோடி கார்பன் பிரஷ். பாரிமுனைப் பக்கம் உதிரிக் கடைகளில் எல்லாம் சேர்த்தாலும் மிக்ஸி விலையில் சிறு பங்குதான். "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று சொல்லித் தருகிற கப்ளர் வேண்டாம். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

இந்த உதிரிகள் அங்கே கிடைக்காமல் இல்லை. நியூஜெர்சியின் எடிசன், நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ், டொரன்டோவின் ஸ்கார்பரோ என்று நம்மவர்கள் கடை இல்லாத பெரிய ஊர் குறைவு. மிக்ஸியும் அங்கே வாங்கலாம். விலை கூட, ஆனால் அங்கேயே வாரன்டி உண்டு. இங்கே வாங்குவதன் லாபம் விலையிலும் உதிரியிலும், நஷ்டம் வாரன்டியில். போன முதல் வாரத்திலேயே சமைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இங்கே வாங்குவதுதான் சரி.

கிரைண்டரும் குக்கரும்

கிரைண்டரை வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, கல்லில் அரைத்த மாவுக்கு மாற்றும் கிடையாது. ஆனாலும் 230 வோல்ட் கிரைண்டரை 60 ஹெர்ட்ஸ் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் சரிசெய்யும், ஹெர்ட்ஸை மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டார் 50-இல் ஓடுவதைவிட 60-இல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். கல் வேகமாகச் சுற்றினால் மாவு சீக்கிரம் சூடேறும், ஓரத்தில் தெறிக்கும், பெல்ட்டும் சீக்கிரம் தேயும். சியோல், ரியாத் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வோல்ட் ஒத்துப்போகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

அல்ட்ரா போன்ற நிறுவனங்கள் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கென்றே கிரைண்டர் செய்கின்றன. அதை இங்கே வாங்கினாலும் கல்லும் டிரம்முமாகப் பத்துக் கிலோவுக்கு மேல். 23 கிலோப் பெட்டியில் பாதி அதற்கே போய்விடும். தவறிக் கீழே விழுந்தால் கல்லின் கனத்தில் டிரம் நசுங்கும். போய்ச் சேர்ந்து, வீடு நிலைப்பட்டு, வாரம் ஒருமுறை மாவு அரைப்பீர்கள் என்று தெரிந்த பிறகு அங்கேயே வாங்குங்கள்.

குக்கரில் மின்சாரச் சிக்கல் இல்லை, அடுப்புச் சிக்கல் உண்டு. கடையில் ஒரு காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் இண்டக்‌ஷனிலும் ஓடும், கண்ணாடி மேடை அடுப்பிலும் ஓடும். ஒட்டாத அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகாது. அடிப்பாகம் தட்டையா என்று கண்ணாடி மேல் வைத்து ஒரு பக்கம் அழுத்திப் பாருங்கள், ஆடக் கூடாது. கண்ணாடி மேடை அடுப்பு அணைத்த பிறகும் வெகுநேரம் சூடாக இருக்கும். விசில் எண்ணிக்கை முடிந்ததும் அடுப்பை அணைப்பதோடு நிற்காமல் குக்கரைப் பக்கத்தில் நகர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் பருப்பு குழைந்துவிடும். ஒருவருக்கு மூன்று லிட்டர், குடும்பத்துக்கு ஐந்து. கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு, வெயிட் ஒன்று உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் பிராண்டுக்குப் பிராண்டு, லிட்டருக்கு லிட்டர் மாறும்.

லண்டன், துபாய், சிங்கப்பூர் பக்கம்

இந்த ஊர்களில் பாயிண்ட் சதுர மூன்று பின். நம் உருண்டைப் பின் நேராக நுழையாது. மேல் ஓட்டையில் ஒரு பேனாவை விட்டு மூடியைத் திறந்துகொண்டு நம்மூர்ப் பின்னைச் சொருகுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. எர்த் இல்லாமல், பிடிப்பும் இல்லாமல் 750 வாட் மோட்டார் ஓடும். பின் சூடாகி உருகும். செய்யாதீர்கள். பழைய பிளக்கை வெட்டிவிட்டு அந்த ஊர் பிளக்கை மாட்ட வேண்டும். பிளக்கைத் திறந்து பார்க்கும்போது எர்த் பின் மேலே, வலது கீழே ஃபியூஸ் பக்கம் பிரவுன் ஒயர், இடது கீழே நீலம், மேலே பச்சை மஞ்சள். பழைய மிக்ஸியில் சிவப்பு, கறுப்பு, பச்சை இருந்தால் சிவப்பு ஃபியூஸ் பக்கம், கறுப்பு இடது, பச்சை மேலே. ஃபியூஸ் 5 ஆம்பியர் போடுங்கள். 3 ஆம்பியர் போட்டால் மிக்ஸி கிளம்பும்போதே போய்விடக்கூடும்.

பெட்டியில் வைப்பது

பிளேடு இருப்பதால் ஜாரைக் கைப்பையில் வைக்க முடியாது. மிக்ஸி முழுக்கச் செக்-இன் பெட்டியில்தான், குக்கரும் அப்படியே. ஜாரை மோட்டார் மேல் மாட்டியபடி வைக்காதீர்கள், பெட்டி விழும்போது கப்ளர் நெரியும். ஜாருக்குள் காலுறை, உள்ளாடை திணித்து, வெளியே லுங்கியோ புடவையோ சுற்றுங்கள். அதிகம் உடைவது ஜாரின் கண்ணாடி போன்ற மூடிதான், அதைத் தனியாகத் துண்டில் சுற்றி நடுவில் வையுங்கள். மோட்டாரைப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தால், ஸ்கேனில் பார்த்துச் சந்தேகப்பட்டுத் திறந்தாலும் மீதிச் சாமான் கலையாது. வெயிட்டையும் கேஸ்கெட்டையும் கப்ளரையும் ஒரே சுருக்குப் பையில் போட்டு, மிக்ஸி மாடல் எண்ணையும் குக்கர் லிட்டரையும் அதன்மேல் எழுதிவிடுங்கள். பத்து மாதம் கழித்து உதிரி தேடும்போது அந்த எண்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. 110 வோல்ட் மிக்ஸியின் ஒயரில், பிளக்குக்கு ஒரு சாண் தள்ளி, சிவப்பு டேப்பைச் சுற்றி "110 மட்டும்" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். சில வருஷம் கழித்து ஊர் திரும்பும்போது அந்த மிக்ஸியும் கூடவே வரும். அன்றைக்கு அதை எடுத்து நம் வீட்டுப் பாயிண்டில் சொருகப் போவது, அது எந்த வோல்ட் என்று தெரியாத வேறு யாராவதாக இருக்கும்.